பெட்டியில வந்த அலுமாரி பக்கவாட்டில ஆடுது, ஸ்க்ரூ எல்லாம் இறுக்கியாச்சு, இன்னும் ஆடுது

உப்புவெளி சுதா

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டில ஒரு மெலமைன் அலுமாரி இருக்கு, பெட்டியில துண்டு துண்டா வந்து நாங்களே பூட்டின சாமான், 6 அடி உயரம், ரெண்டரை அடி அகலம், மேல ரெண்டு கதவு, கீழ ரெண்டு லாச்சி. அன்புவழிபுரத்தில இருக்கேக்க ஒரு குறையும் இல்லாமத்தான் நிண்டது. இப்ப உப்புவெளிக்கு வீடு மாறினம், அலுமாரியைக் கழட்டாம அப்பிடியே பட்டா லொறியில படுக்க வச்சுக் கொண்டு வந்தது, ஏத்தேக்கயும் இறக்கேக்கயும் ஆளுக்கொரு பக்கமா இழுத்தவை, அதுக்குப் பிறகு கதவைத் திறந்தாலே முழு அலுமாரியும் இடப்பக்கம் போய் வலப்பக்கம் வருது.

இவர் கண்ணில பட்ட ஸ்க்ரூ எல்லாத்தையும் இறுக்கிப் பாத்திட்டார். உள்பக்கம் வட்டமா வெள்ளி நிறத்தில சிலுவை வெட்டு வெட்டின பூட்டு ஒண்டு இருக்குமெல்லோ, அதில ஒண்டு எவ்வளவு திருப்பினாலும் சும்மா சுத்துது, அதுக்குக் கீழ தூள் கொட்டுது. கறையானோ எண்டு வேற யோசனை. கதவு ரெண்டும் நேர நிக்கேல்ல, ஒண்டு மேல, மற்றது கால் இஞ்சி கீழ.

என்ர மகனுக்கு 3 வயசு. கீழ் லாச்சியை இழுத்து அதில ஏறி நிக்கப் பாக்கிறான். அதுதான் பெரிய பயம். ஆள் கூப்பிட்டுக் காட்ட முதல் வீட்டில செய்யக்கூடியது ஏதும் இருந்தா சொல்லுங்கோ. தரை ரைல்ஸ், வீடு வாடகை.

கச்சான்காத்து

அக்கா காட்போட் ஒண்டை மடிச்சு ஆடுற காலுக்குக் கீழ வையுங்கோ, அஞ்சு நிமிஷ வேலை. எங்கட வீட்டில பிரிஜ்ஜே அப்பிடித்தான் நிக்குது.

கிண்ணியா ஓடாவி

தங்கச்சி, காட்போட் வைக்க முந்தி ஒரு சின்ன வேலை செய்ங்க. அலுமாரிக்குப் பக்கத்தில நிண்டு மேல் மூலைல கைய வச்சு மெதுவா பக்கவாட்டில தள்ளுங்க, கண் கீழ காலில இரிக்கணும். ஒரு பக்கக் கால் நிலத்த விட்டுக் கிளம்பினா அது நிலத்தின்ட கோளாறு, நம்மட பக்கம் தண்ணி ஊத்திக் கழுவினா வாசலுக்கு ஓடட்டும் எண்டு தரைய லேசாச் சரிச்சுத்தான் போடுவாங்க, அதால நேரா நிக்கிற சாமானும் ஆடும். அப்பிடி இல்லாம கால் ரெண்டும் பதிஞ்சு நிக்க மேல்தலை மட்டும் போய் வந்தா பெட்டி சதுரம் விட்டுப் போச்சு எண்டு அர்த்தம். நீங்க சொல்ற கணக்குக்கு, கதவு ஒண்டு மேல ஒண்டு கீழ நிக்கிறதையும் பாத்தா, ரெண்டாவதுதான்.

சதுரம் விட்ட பெட்டிய ஸ்க்ரூ இறுக்கி நிமித்த ஏலா. ஏன் எண்டு கேட்டா, ஒரு காட்போட் பெட்டி எடுத்து மேல் மூடியையும் கீழ் மூடியையும் திறந்து விடுங்க, கையால அமத்தினா அப்பிடியே சரிஞ்சு தட்டையாப் போகும். கீழ் மூடிய மட்டும் மடிச்சு டேப் ஒட்டிப் பாருங்க, அசைக்க ஏலாது. அலுமாரிக்கு அந்த மூடி என்ன எண்டா பின்னால அடிக்கிற மெல்லிய பலகை. 3 மில்லிமீற்றர் ஹாட்போட், பாத்தா ஒண்டுக்கும் உதவாத சாமான் போல இரிக்கும், தூசி வராம இரிக்கத்தான் அடிக்கிறாங்க எண்டு கனபேர் நினைக்கிற. பூட்டக்குள்ள ஆகக் கடைசியா வாற வேலை அது, களைச்சுப் போய் நாலு ஆணிய அடிச்சிட்டு சுவரோட தள்ளி விடுற. ஆனா பக்கவாட்டு ஆட்டத்த முழுசாத் தாங்குறது அந்தப் பலகைதான். மூலைல இரிக்கிற பூட்டெல்லாம் பலகையப் பலகையோட சேத்து வைக்கும், சரியாம வைக்காது.

நீங்க இழுத்துக் கொண்டு வந்ததில அந்த ஆணி கிழிச்சுக் கழண்டிரிக்கும். அலுமாரிய முன்னுக்கு எடுத்து பின்னால டோர்ச் அடிச்சுப் பாருங்க. மறுகா டேப்பால மூலைக்கு மூலை குறுக்க அளங்க, இடது மேலிருந்து வலது கீழ, வலது மேலிருந்து இடது கீழ. ரெண்டும் ஒரே அளவா வந்தா சதுரம். உங்கட அலுமாரி சரியா 6 அடிக்கு ரெண்டரை அடி எண்டா ரெண்டு பக்கமும் 78 இஞ்சி வரணும். அளந்து சொல்லுங்க.

காட்போட் வைக்கச் சொன்ன தம்பிக்கு: தரை மொப் பண்ணுற வீட்டில காட்போட் ரெண்டு கிழமைல ஊறிச் சப்பிப் போகும், அந்த ஈரத்த உங்கட அலுமாரிப் பலகை, மரத்தூள் அமத்தின சிப்போட், உறிஞ்சும். நிலம்தான் கோளாறு எண்டா ரைல்ஸ் துண்டு, இல்லாட்டி கடைல விக்கிற பிளாஸ்டிக் ஆப்பு வைங்க, அதுவும் பக்கப் பலகைக்கு நேர் கீழ. நடுவில வச்சா அடிப்பலகை வளையும்.

உப்புவெளி சுதா

ஓடாவி அண்ணா, நீங்க பக்கத்தில நிண்டு பாத்த மாதிரிச் சொல்றீங்க. பின்னால பாத்தம். பின்பலகை ரெண்டு துண்டு, நடுவில ஒரு பிளாஸ்டிக் பட்டி போட்டுச் சேத்திருக்கு. இடப்பக்கம் கீழ முழுக்க விட்டிட்டுது, கை உள்ளுக்க போகுது, ஆணி கொஞ்சம் நிலத்தில கிடந்தது. கால் ரெண்டும் கிளம்பேல்ல. குறுக்கு அளவு ஒண்டு 78¼, மற்றது 77¾. அரை இஞ்சிதானே வித்தியாசம், இதுக்கா இவ்வளவு ஆட்டம்?

கிண்ணியா ஓடாவி

குறுக்கில அரை இஞ்சி வித்தியாசம் எண்டா மேல்தலை முக்கால் இஞ்சிக்குக் கிட்ட சரிஞ்சு நிக்குது எண்டு கணக்கு. கதவில கால் இஞ்சி ஏத்த இறக்கம் வந்ததும் அதாலதான். பின்பலகை விட்ட பெட்டிக்கு அங்கிட்டு இங்கிட்டு போகத் தடையில்ல.

சரி, வேலையச் சொல்றன். உடுப்பெல்லாம் எடுத்து லாச்சியையும் கழட்டி வைங்க. கதவக் கழட்டினா பாரம் குறையும், பிணைச்சல் தட்டில ஒரு ஸ்க்ரூவத் தளத்தினா இழுத்தெடுக்கலாம், எந்தக் கதவு எந்தப் பக்கம் எண்டு பென்சிலால எழுதி வைங்க. பாய் ஒண்டு விரிச்சு ரெண்டு பேர் பிடிச்சு முகம் குப்புறப் படுக்க வைங்க, ஒரு மூலையத் தரைல ஊண்டிச் சாய்க்க வேணாம், அப்பிடிச் சாய்க்கிறதிலதான் மூலை உடையுற. பழைய ஆணியெல்லாத்தையும் குறட்டால பிடுங்குங்க.

இனிச் சதுரத்துக்குக் கொண்டு வரணும். நீளமா வந்த குறுக்கு எது, 78¼ தானே, அந்த ரெண்டு மூலையையும் ஒண்ட ஒண்டு பாக்கத் தள்ளணும். தள்ளிப் பிடிச்சா விட்டவுடனே திரும்பி வருது எண்டா அந்த ரெண்டு மூலைக்கும் குறுக்கால ஒரு கயித்தச் சுத்திக் கட்டி நடுவில கட்டை ஒண்டு குடுத்து மெல்ல முறுக்குங்க, மூலைல பழைய துணி வைங்க, இல்லாட்டி கயிறு விளிம்பக் கடிக்கும். ரெண்டு குறுக்கும் சமன் வந்ததும் நிப்பாட்டுங்க. இந்த இடத்தில அவசரம் கூடா, இதுல ஒரு நூல் பிசகினா பூட்டி முடிச்ச மறுகா கதவு காட்டிக் குடுக்கும்.

பலகையின்ட பின் விளிம்பு சிப்போட் தெரியுற மாதிரி பச்சையா இரிந்தா மரம் ஒட்டுற பைண்டர் கம் ஒரு கோடு விடலாம். மெலமைன் பூச்சு உள்ள இடத்தில கம் பிடிக்காது, காஞ்ச மறுகா தோல் போல உரிஞ்சு வரும், அங்க பூசி வேலை இல்ல. ஆனா கம் போட்டா திரும்பிக் கழட்ட ஏலாது, வாடகை வீட்டுக்காரங்க இன்னொருக்கா வீடு மாறுற யோசனை இரிந்தா கம் இல்லாம ஸ்க்ரூ மட்டும் போடுங்க, அதுவே போதும்.

ஆணி வேணாம். 5/8 இஞ்சி இல்லாட்டி முக்கால் இஞ்சி சிப்போட் ஸ்க்ரூ, தலைக்குக் கீழ வொஷர். வொஷர் இல்லாம இறுக்கினா தலை ஹாட்போட்டப் பிச்சுக் கொண்டு உள்ள போகும். முந்தி 2 மில்லிமீற்றர் பிற்றால ஓட்டை போடுங்க, விளிம்பில நேராப் போட்டா சிப்போட் வெடிக்கும். பழைய ஆணி ஓட்டைல போடாம ஒரு இஞ்சி தள்ளிப் போடுங்க. நாலு மூலைல முதல், திரும்பிக் குறுக்கு அளவு பாருங்க, மறுகா 4, 5 இஞ்சிக்கு ஒண்டா சுத்திவர. நடுவில அசையாத தட்டு ஒண்டு இரிக்கும், அதுக்கும் பின்னால இரிந்து ரெண்டு ஸ்க்ரூ விடுங்க. உங்களுக்கு ரெண்டு துண்டு ஹாட்போட் எண்டதால நடுச் சேர்ப்பு பலம் குறைவு. மனசுக்குச் சரியில்லாட்டி அத எறிஞ்சிட்டு 6 மில்லிமீற்றர் பிளைவூட் ஒரே துண்டா வெட்டுவிச்சு அடிங்க, கடைல அளவக் குடுத்தா வெட்டித் தருவாங்க. அடிச்ச மறுகா அந்த அலுமாரிய நீங்க உலுக்கிப் பாருங்க.

நிலாவெளிக்காரன்

ஒரு விஷயம் இடையில சொல்லிப் போட்டுப் போறன், உப்புவெளி எண்டதால. கடைக்குப் போனா கறுப்பு நிற ஸ்க்ரூவைத்தான் முதல்ல எடுத்துத் தருவினம், சீலிங் அடிக்கிறது அது, மலிவு, கூர், கையாலயே இறங்கும். கடற்கரையில இருக்கிற வீட்டுக்கு அது சரி வராது. உப்புக் காத்தில தலை துருப் பிடிச்சு பிறகு கழட்டேக்க முறிஞ்சு போகும். மஞ்சள் நிறமா வாற சிங்க் பூசினது பரவாயில்ல, ஸ்டெயின்லஸ் கிடைச்சா அதை எடுங்கோ, விலை கூடத்தான் ஆனா உங்களுக்கு வேண்டியது ஒரு அம்பது ஸ்க்ரூ. எங்கட வீட்டில கதவுப் பிணைச்சல், ஜன்னல் கொளுக்கி, பான் தண்டு எல்லாத்தையும் இந்தக் காத்து தின்னுது.

மற்றது அலுமாரியின்ர அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கோ. மாரி நேரம், ஐப்பசியில இருந்து மார்கழி தாண்டும் மட்டும், இங்க தரை காயாது. சிப்போட் ஒருக்கா ஊதினா வெயிலில வச்சாலும் பழையபடி சுருங்காது, ஊதின இடத்தில ஸ்க்ரூவும் பிடிக்காது. இன்னும் ஊதாம இருந்தா நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் பொத்தான் கால் அடிச்சு கால் இஞ்சி உயத்திப் போட்டு, வெட்டு விளிம்புக்கு வார்னிஷ் ரெண்டு பூச்சு குடுங்கோ. படுக்க வச்சிருக்கேக்கதான் அதுக்கு நேரம், பிறகு திரும்பச் சாய்க்க மனம் வராது.

முதிரைக்கட்டில்

இதெல்லாம் ஒரு அலுமாரியா. மரத்தூளையும் பசையையும் குழைச்சு அமத்தி மேல ஸ்ரிக்கர் ஒட்டி விக்கிறாங்கள். எங்கட அம்மம்மான்ர முதிரை அலுமாரி இண்டைக்கும் நிக்குது, நாலு பேர் சேந்தாலும் அசைக்க ஏலாது. உதில காசையும் நேரத்தையும் போடாம ஒரு நல்ல மர அலுமாரி செய்வியுங்கோ தங்கச்சி.

கிண்ணியா ஓடாவி

நானே மரவேலைக்காரன், முதிரைய வேணாம் எண்டு சொல்லுவனா. ஆனா இண்டைக்கு முதிரை என்ன விலை எண்டு ஒருக்கா மரக்காலைல கேட்டுப் பாருங்க. வாடகை வீட்டுல இரிக்கிற புள்ளைக்கு அந்தப் பாரத்த ஒவ்வொரு வீடா எப்பிடித் தூக்குற. அதோட மரமும் மாரிக்கு வீங்கும், லாச்சி இறுகி இழுக்க ஏலாமப் போறது மர அலுமாரிலதான் கூட. சிப்போட்டுக்கு உள்ள பலவீனம் தண்ணியும், ஒரே ஓட்டைல திரும்பத் திரும்ப ஸ்க்ரூ போடுறதும். அந்த ரெண்டையும் பாத்துக்கிட்டா நல்லா உழைக்கும்.

தங்கச்சி, நீங்க சும்மா சுத்துற பூட்டப் பத்திக் கேட்டீங்க, விட்டுப் போச்சு. அதுக்குப் பேர் கேம் லொக். வட்டச் சாமான் ஒரு பலகைல, அதுக்குள்ள போற தண்டு மற்றப் பலகைல ஸ்க்ரூவா இறங்கி இரிக்கும். வட்டத்தத் திருப்பினா தண்டின்ட தலையப் பிடிச்சு இழுக்கும், அரைச் சுத்தோட முடிஞ்சிரும், அதுக்கு மேல சுத்தினா ஒண்டும் பிடிக்கல்ல எண்டு அர்த்தம். பலம் போட்டு இறுக்காதீங்க, துத்தநாகக் கலவைல வாத்த சாமான், நொறுங்கும்.

உங்கட தூளப் பாத்தா தண்டு பலகைல இரிந்து பிச்சுக் கொண்டு வந்திரிக்கு. வட்டத்த பழைய இடத்துக்குத் திருப்பி, அம்புக்குறி விளிம்பு ஓட்டையப் பாக்கட்டும், பலகைய இழுத்துப் பிரிங்க. தண்டு கையோட வரும். அந்த ஓட்டைய 8 மில்லிமீற்றர் பிற்றால சுத்தமா வெட்டி, டவல் எண்டு உருண்டை மரக் குச்சி கடைல விக்கிறாங்க, அதுக்குப் பைண்டர் கம் தடவி அடிச்சு இறக்குங்க. ஓட்டை பெருசாப் போயிருந்தா 10. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மட்டமா அறுத்து நடுவில 5 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு தண்டத் திரும்பிப் பூட்டினா புதுப் பலகையவிட இறுக்கமா நிக்கும். ஓட்டை போடக்குள்ள ட்ரில் பிற்றில டேப் ஒண்டு சுத்தி ஆழம் அடையாளம் வைங்க, 16 மில்லிமீற்றர் பலகை, கவனம் இல்லாட்டி அடுத்த பக்கம் எட்டிப் பாக்கும். தீக்குச்சி கம் வச்சு அடைக்கிறதும் உண்டு, லாச்சித் தண்டவாளத்து ஸ்க்ரூக்கு அது போதும், இந்தப் பூட்டுக்குப் போதாது. சுப்பர் குளூ ஊத்தச் சொல்லி யாரும் வருவாங்க, வேணாம், சிப்போட் அதக் குடிச்சிட்டு நொறுங்குற தன்மைக்கு வந்திரும்.

கறையான் எண்டா மண் கோடு இழுத்திரிக்கும், சுவர் ஓரமா பாருங்க. உலர்ந்த மரத்தில இரிக்கிற சாதி வேற, அது ஒரே அளவா சின்னச் சின்ன உருண்டையாப் போடும். பூட்டுக்குக் கீழ மட்டும் சீரில்லாத தூள் கொட்டுது எண்டா சிப்போட் உதிருற, பயப்பட வேணாம்.

பாலையூற்றுப் பொடியன்

சொந்த ஊர் பாலையூற்று, இப்ப டொரொண்டோ. மேல எழுதினது எல்லாம் சரி, ஆனா ஆரும் பிள்ளையைப் பற்றி எழுதேல்ல எண்டதால எழுதிறன். அக்கா, பின்பலகை அடிச்சு பக்கவாட்டு ஆட்டம் நிண்டாலும் முன்பக்கம் கவிழுற ஆபத்து அப்பிடியே இருக்கும். அது வேற, இது வேற. ஆடாத, புத்தம் புது அலுமாரியும் கவிழும். லாச்சி ரெண்டையும் இழுத்தா பாரம் முன்னுக்கு வருது, அதுக்கு மேல ஒரு பிள்ளை ஏறினா முழுப் பாரமும் முன்காலைத் தாண்டிப் போயிடும், பிறகு அலுமாரிக்கு விழுறதைத் தவிர வேற வழியில்லை.

இது சும்மா பயப்படுத்திற கதை இல்ல. 2016இல ஐக்கியா அமெரிக்காவில மட்டும் 29 மில்லியன் லாச்சிப் பெட்டியளைத் திரும்ப எடுக்கிறம் எண்டு அறிவிச்சவை, பிள்ளையளுக்கு மேல கவிழ்ந்து இறந்ததாலதான். 2022 கடைசியில அங்க அதுக்கெண்டே ஸ்டர்டி எண்டு ஒரு சட்டமும் வந்தது, 60 இறாத்தல் வரைக்கும் உள்ள பிள்ளை ஏறினாலும் கவிழாம இருக்க வேணும் எண்டு சோதிக்கிற முறை அதுக்குப் பிறகுதான் கட்டாயம். ஊரில அப்பிடிச் சோதிச்சு வருதோ இல்லையோ, சுவரில பூட்டினா பிரச்சினை முடிஞ்சுது. பின்பலகை பிறகு செய்தாலும் பரவாயில்ல, இதை முதல் செய்யுங்கோ. அதுவரைக்கும் அலுமாரிக்கு மேல இருக்கிற சூட்கேஸை இறக்குங்கோ, பாரமான சாமான் கீழ் லாச்சிக்கு, லாச்சிப் பிடியைக் கழட்டி வையுங்கோ. மகன் தனிய அந்த அறைக்குள்ள போகாமப் பாருங்கோ.

உப்புவெளி சுதா

வாசிக்க வயித்தைக் கலக்குது. சூட்கேஸ் இறக்கியாச்சு, லாச்சிப் பிடியும் கழட்டியாச்சு. ஆனா வீட்டுக்காரம்மா சுவரில ஆணி கூட அடிக்க விடமாட்டா, கலண்டருக்கே கத்தினவ. சுவரில ஓட்டை போடாம ஏதும் வழி இருக்கா? ரெண்டு பக்கம் ஒட்டுற டேப் பாத்தன் கடையில.

பாலையூற்றுப் பொடியன்

டேப்பை நம்ப வேண்டாம் அக்கா. டேப் சுவரில இல்ல, சுவர்ப் பெயின்ற்றில ஒட்டுது, இழுவை வந்தா பெயின்ற் உரிஞ்சு வரும். வீட்டுக்காரம்மாவிட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கதையுங்கோ. ரெண்டே ரெண்டு ஓட்டை, அதுவும் அலுமாரிக்குப் பின்னால மறைஞ்சிருக்கும், போகேக்க வோல் புட்டி வச்சுத் தேச்சுப் பெயின்ற் தொட்டுத் தாறம் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையின்ர விஷயம் எண்டா ஆரும் இரங்குவினம்.

கரண்ட்வேலை

ஓட்டை போட முதல் ரெண்டு வார்த்தை. வீட்டு வயர் சுவருக்குள்ள பைப்பில போகும், ஸ்விச்சுக்கும் பிளக் பொயின்ற்றுக்கும் நேர மேலயோ நேர கீழயோதான் வழமையா இறக்கிறது. அலுமாரிக்குப் பின்னால பிளக் பொயின்ற் இருக்கோ எண்டு பாத்து, இருந்தா அந்த நேர்கோட்டை விட்டு ஒரு அடியாவது தள்ளிப் போடுங்கோ. 230 வோல்ட், விளையாட்டில்ல. ட்ரிப் ஸ்விச் வேலை செய்யுதோ எண்டு அதில இருக்கிற ரெஸ்ட் பொத்தானை அமத்திப் பாத்திட்டு வேலையைத் தொடங்குங்கோ.

சுவர் என்ன சுவர் எண்டு தட்டிப் பாருங்கோ. செங்கல் எண்டா ட்ரில் தூள் சிவப்பா வரும், சீமெந்துக் கல் எண்டா சாம்பல். முதல் அரை இஞ்சி முக்கால் இஞ்சி வெறும் பூச்சு, ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள்ள அடிக்கிற பிளாஸ்டிக் பிளக் அதில நிண்டா இழுத்தவுடனே பூச்சோட வரும், அதால 6 மில்லிமீற்றர் பிற்றால ரெண்டு இஞ்சிக்கு ஆழமாப் போட்டு, பிளக்கை பூச்சைத் தாண்டி உள்ளுக்குத் தட்டி, ரெண்டு இஞ்சி ஸ்க்ரூ போடுங்கோ. போகப் போக திடீரெண்டு பிற் வெறுமைக்குள்ள விழுந்தா அது பொந்துக் கல், சாதாரண பிளக் சுத்தும், ரெண்டு இஞ்சி பக்கத்தில தள்ளிப் பாத்தா கல்லின்ர கட்டிப் பகுதி அகப்படும்.

கிண்ணியா ஓடாவி

அலுமாரியச் சுவரோட பிடிக்கிற பிராக்கெற்ற அலுமாரில எங்க பூட்டுற எண்டதையும் சொல்லிப் போடுறன், கனபேர் பின்பலகைல பூட்டி வச்சிரிக்காங்க. ஹாட்போட் ஒரு இழுவைக்கே கிழியும். மேல்பலகையின்ட மேல் முகத்தில, பக்கப் பலகைக்குக் கிட்டவா ரெண்டு எல் பிராக்கெற். ஸ்க்ரூ அரை இஞ்சிக்குக் கூடாம. இன்னும் நல்லம் எண்டா ஓட்டைய அடுத்த பக்கம் வரை விட்டு சின்ன போல்ட், கீழ வொஷர் நட், அது பிச்சுக்கு வர வழியில்ல. சுவரோரம் ஸ்கேர்ட்டிங் ரைல்ஸ் இரிந்தா அலுமாரி சுவரோட ஒட்டாது, அந்த இடைவெளிக்கு மேல ஒரு மரத்துண்டு வச்சு அதோட சேத்துப் பூட்டுங்க.

உப்புவெளி சுதா

வீட்டுக்காரம்மா சம்மதிச்சிட்டா, ஓட்டை ரெண்டுக்கு மேல போடக்கூடாது எண்டு நிபந்தனை. இவரும் தம்பியும் சேந்து நேத்தும் இண்டைக்குமா எல்லாம் செய்தாச்சு. பின்பலகை பழசையே நிமித்தி ஸ்க்ரூ போட்டம், குறுக்கு ரெண்டும் 78. டவல் அடிச்ச பூட்டு காயட்டும் எண்டு ஒரு நாள் விட்டு இண்டைக்குப் பூட்டினது. சுவரில பூட்ட முதல் இவர் தள்ளிப் பாத்தார், அசையேல்ல. ஸ்க்ரூ ஸ்டெயின்லஸ் டவுனுக்க ரெண்டு கடை ஏறித்தான் எடுத்தம்.

கதவு மட்டும் இன்னும் ஒரு நூல் ஏத்த இறக்கமா இருக்கு, நடுவில மேல பக்கம் முட்டுற மாதிரி. சதுரம் சரியா இருக்கேக்க இது ஏன்?

கிண்ணியா ஓடாவி

பெட்டி சரிஞ்சு நிண்ட காலத்தில யாரோ கதவ நேராக்க எண்டு பிணைச்சலத் திருப்பி வச்சிரிப்பாங்க, இப்ப பெட்டி நிமிந்ததும் அது பிழையாத் தெரியுது. அது லேசு. பிணைச்சல்ல ரெண்டு ஸ்க்ரூ ஒரு வரிசைல தெரியும். கதவுக்குக் கிட்ட இரிக்கிறது கதவ இடம் வலம் நகத்தும், பின்னால இரிக்கிறது தளத்தினா கதவ முன்ன பின்ன இழுக்கலாம். ஏத்த இறக்கத்துக்கு பக்கப் பலகைல தட்டப் பிடிச்சிரிக்கிற மேல் கீழ் ஸ்க்ரூ ரெண்டையும் கொஞ்சம் தளத்தி, கதவத் தூக்கிப் பிடிச்சு இறுக்கணும், ஒராள் தூக்க ஒராள் இறுக்க. முதல் அந்த உயரத்தச் சரி பண்ணுங்க. மறுகா மேல் பிணைச்சல்ல முன் ஸ்க்ரூவ கால் சுத்து, கதவ மூடிப் பாருங்க, எந்தப் பக்கம் போகுது எண்டு தெரியும், திரும்பக் கால் சுத்து. ஒரு கதவத்தான் தொடுறது, ரெண்டையும் ஒரே நேரத்தில திருப்பப் போனா எது பிழை எண்டு தெரியாமப் போகும். ட்ரில்லால இறுக்க வேணாம், கை ஸ்க்ரூ டிரைவர் போதும்.

கச்சான்காத்து

ஓடாவி நானா, பிரிஜ்ஜுக்குக் கீழ இருக்கிற காட்போட்டுக்கும் ரைல்ஸ் துண்டுதானா?

கிண்ணியா ஓடாவி

பிரிஜ்ஜுக்கு முன்னால ரெண்டு காலும் திருகு கால் தம்பி. கையால சுத்தினா உயரும், காட்போட்ட எடுத்து எறிங்க.